பதினாறு மெழுகுவத்தி

மின்சார விளக்கு புதிதாய் வந்த காலம். பெர்லினில் வெடமையர் என்றொரு மின்பொறியாளர் இருந்தார். ஒரு விளக்குக்கு இத்தனை மெழுகுவத்தி வெளிச்சம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அன்று அவருடைய சீடன் லோரென்ஸ் கதவை உதைக்காத குறையாக உள்ளே வந்தான். தலை நரைக்கத் தொடங்கிய ஆள்தான். ஆனால் கோபம் வந்தால் வயசு பார்க்குமா? அவன் பாடுபட்டுச் செய்த பல்புக்குக் குருவே பதினான்கு என்று சொல்லிவிட்டார். பதினாறு இல்லாவிட்டால் நாளைக்குக் கண்காட்சியில் அதை ஏற்ற விடமாட்டார்கள். வயிறு எரியாதா?

"நான் அளந்தா பதினாறு வருது! நீங்களே என் கழுத்தை அறுத்தா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?"

"அளந்து காட்டு" என்றார் குரு.

அளக்கும் அறையின் சுவரெல்லாம் கறுப்பு. நீள மேசையின் ஒரு கோடியில் அளவுக்கு வைத்த திரி விளக்கு, மறுகோடியில் பல்பு. நடுவிலுள்ள வெள்ளை அட்டையை, இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சமாய்த் தெரியும்வரை நகர்த்தவேண்டும். அது நிற்கும் இடத்தில் மேசையில் குறித்திருக்கும் எண்தான் கணக்கு.

லோரென்ஸ் பல்புப் பக்கமாக நின்று நகர்த்தினான். பதினாறு.

"பார்த்தீங்களா! இப்ப என்ன சொல்றீங்க?"

அந்த அறையில் கறுப்பங்கி போட்டுக்கொள்வது வழக்கம். அதெல்லாம் குருவின் கிறுக்குத்தனம் என்று லோரென்ஸ் போடுவதே இல்லை. குரு தன் அங்கியைக் கழற்றி அவனுடைய வெள்ளைச் சட்டைமேல் மாட்டி, கழுத்துவரை பித்தான் போட்டார்.

"இப்ப பாரு."

அட்டையின் பல்புப் பக்கம் மங்கிவிட்டது. மறுபடி நகர்த்தினான். பதினான்கு.

அங்கியை விலக்கினான், பளிச்சென்றது. மூடினான், மங்கியது. பல்பின் வெளிச்சம் சட்டையில் பட்டு அட்டைக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

லோரென்ஸுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விட மனசில்லை.

"எதிர்க் கம்பெனிக்காரன் மட்டும் என்ன, கறுப்பங்கி போட்டா அளந்தான்? வெள்ளைச் சட்டையில பதினாறுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சு விக்கிறான்! நான் மட்டும் ஏமாந்தவனா? அநியாயம் ஐயா, இது அநியாயம்!"

"சரிப்பா, பதினாறுன்னே எழுதித் தர்றேன்" என்று பேனாவை எடுத்தார் குரு. "ஒண்ணு மட்டும் சொல்லு. பல்பு வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் உன் சட்டையையும் சேர்த்து அனுப்புவியா?"