இறால் குஞ்சு தாங்காத தண்ணீர்

கழிமுகத்தில் பாசி படர்ந்து மீன்கள் செத்து மிதந்தன. இறால் பண்ணை திறந்துவிடும் நீரில் தீவனக் கழிவின் நைட்ரஜன் மிகுந்திருப்பதே காரணம் என மீனவர்கள் முறையிட, அதிகாரி பண்ணைக்கே வந்தார்.

முதலாளி சபாரத்தினம் சிரித்தார். "எங்க தண்ணி இளநீர் சார்! இல்லேன்னு இப்பவே எவனாவது நிரூபிக்கட்டும். முடியலேன்னா மனுவைக் கிழிச்சுப் போடுங்க."

மடை திறக்கும் கூலியாள் அன்னபாக்கியம் பணிவோடு முன்வந்தாள். அவள் கணவனும் அக்கழிமுகத்தில் வலை வீசுபவனே.

"ஐயா, புதுசா இறால் குஞ்சு வந்திருக்கு. தொட்டிக்குக் கடல்தண்ணி எதுக்கு? வெளிய போற நம்ம இளநீரையே திருப்பி விட்டுடறேன்" என்று மடைப்பலகையைப் பற்றினாள்.

"அடிப்பாவி, தொடாதே! அந்தத் தண்ணியில குஞ்சு ஒரு மணி நேரம் தாங்காது!" என்று அலறினார் முதலாளி.

"கழிமுகத்து மீன்குஞ்சு மட்டும் தாங்குமாய்யா?"

மீனவர்கள் கொல்லென்று சிரித்தனர். அதிகாரி அப்போதே மடையை அடைத்தார். கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குளம் வெட்டப்பட்டது. அதில் கழிவை உறிஞ்சும் அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன. மறு ஆண்டே வலைகளில் மடவை மீன்கள் துள்ளின.

குளத்து மடையின் சாவியை அதிகாரி அன்னபாக்கியத்திடமே ஒப்படைத்திருந்தார். இப்போதெல்லாம் நீர் தெளியும்வரை முதலாளிதான் அவளிடம், "திறக்கலாமாம்மா?" என்று கேட்டுக் காத்திருக்கிறார்.