முப்பத்தொன்பது நாள் மழைக்கு இருநூறு கடலை

ஏரிக்கரைப் புதரடியில் ஒரு வெள்ளெலி தன் ஆறு குட்டிகளோடு வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்குள் இருநூறு கடலை சேர்த்து வைத்திருந்தது. இந்த ஆண்டு அடைமழை முப்பத்தொன்பது நாள் விடாது என்று தவளைகள் சொல்லிவிட்டன. தாய் கோரைவேரைத் தின்று காலம் தள்ளிவிடும். குட்டிக்கு நாளுக்கு ஒரு கடலையாவது வேண்டும். மொத்தம் இருநூற்று முப்பத்துநான்கு. கையிருப்பில் முப்பத்துநான்கு குறைந்தது.

அந்தப் பக்கத்தில் கடலையை வட்டிக்கு வாங்குகிறவர்கள் இருவர். மயில் நூற்றுக்கு ஐந்து தரும். பறித்து முடிந்த கொல்லையில் உதிர்ந்ததைப் பொறுக்கிக் கடனை அடைக்கும். காட்டுப்பன்றி நூற்றுக்கு இருபது தரும். வேலி தாண்டி, பறிக்காத கொல்லையில் புகுந்து தோண்டி வரும். இருவருக்கும் தவணை மழைக்கு முந்தைய அமாவாசை.

வெள்ளெலி முதலில் மயிலிடம் போனது.

"இருநூறையும் என்கிட்ட குடு அக்கா. பத்து சேர்த்து இருநூத்திப் பத்தா தர்றேன்."

"அது முப்பத்தஞ்சு நாளைக்குத்தான் வரும். மிச்சம் நாலு நாள்?"

"வயிறு காயும். காய்ஞ்சா என்ன, உயிரோட இருக்குமே."

"உனக்கு ஆடத்தான் தெரியும், வகுக்கத் தெரியாது" என்றது வெள்ளெலி.

பன்றி மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "மொத்தத்தையும் கொண்டா தங்கச்சி. நாப்பது லாபம்."

"பேராசை எனக்குக் கிடையாது அண்ணே. முப்பத்துநாலு போதும்."

வெள்ளெலி மண்ணில் நகத்தால் கீறியது. எல்லாம் மயிலிடம் என்றால் வட்டி பத்து. இன்னும் இருபத்துநான்கு வேண்டும். மயிலிடமிருந்து பன்றிக்கு மாற்றும் ஒவ்வொரு இருபது கடலைக்கும் வட்டியில் மூன்று கூடும். எட்டு முறை மாற்றினால் இருபத்துநான்கு. ஆக, பன்றிக்கு நூற்றறுபது, மயிலுக்கு நாற்பது. வட்டி முப்பத்திரண்டும் இரண்டும். முப்பத்துநான்கு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வேலியில கம்பி கட்டியிருக்காங்களாமே அண்ணே?"

"வருஷா வருஷம் கட்டுறாங்க. வருஷா வருஷம் நானும் திங்கிறேன். பட்டினி கிடந்த உடம்பாவா தெரியுது?"

அமாவாசை வந்தது. மயில் காலையிலேயே நாற்பத்திரண்டு கடலையைக் கொட்டிவிட்டுப் போனது. உச்சி வெயில் ஏறியும் பன்றியைக் காணோம். காகம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"பன்றிக்கா காத்திருக்கே? கம்பியில மின்சாரம் விட்டுட்டாங்க. கறி பங்கு போட்டாச்சு. எனக்கே குடல் கிடைச்சுது."

"அவரு எனக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டு தரணும்."

"போய்க் கேளேன். தலை மட்டும் கொல்லை மேட்டுல கிடக்கு."

மூன்றாம் நாள் மழை பிடித்தது. வெள்ளெலி மறுபடி கணக்குப் போட்டது. ஆறு குட்டிக்கும் கொடுத்தால் ஏழு நாள். இரண்டுக்கு மட்டும் என்றால் இருபத்தொரு நாள். ஒன்றுக்கு மட்டும் என்றால் முப்பத்தொன்பது நாளும் தாண்டி மூன்று கடலை மிஞ்சும். சரிபார்த்தது. விடை சரிதான். ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்க அதற்குத் தெரிந்த கணக்கில் வழி இல்லை.

மழை விட்டபோது வளையிலிருந்து இரண்டு வெள்ளெலிகள் வெளியே வந்தன.

வட்டியைத் துல்லியமாகக் கணக்கிட்டவன், முதலே திரும்பாமல் போகலாம் என்பதை அதில் சேர்க்கவில்லை என்றால், அந்தத் தவறுக்கு அவன் வீட்டில் உள்ளவர்களே விலை கொடுப்பார்கள்.