வெட்டிவிட்ட பஸ்ஸர் ஒயர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது பைபாஸ் ரோட்டுக் கதை. தள்ளி உட்கார்ந்தால் லாரி போகிற சத்தத்தில் பாதி காதில் விழாது.

பழனி ரோட்டு ஓரத்தில் ஒரு கடை. வண்டிகளுக்கு லைட்டு, ஹாரன், பேட்டரி, பாட்டு செட்டு என்று எல்லா ஒயர் வேலையும் அங்கே நடக்கும். கடைக்கு மேஸ்திரி மரகதவல்லி. முப்பத்தஞ்சு வயசு இருந்தால் அதிகம். அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் கோதண்டபாணிக்கோ அம்பது தாண்டியாச்சு. அவர் அவளை "மேஸ்திரி" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள். புதுசாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

கோதண்டபாணி அதுவரைக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் போட்டவர். சத்தத்தில் புலி. ஒரு ஸ்பீக்கர் லேசாக இரைந்தால் போதும், சோற்றில் கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், ஒரு பிக்கப் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. பெரிய ஸ்க்ரீன், வழி சொல்கிற மேப்பு, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், பின்னால் பார்க்கிற கேமரா எல்லாம் வைத்து, மேஸ்திரி ஊரில் இல்லாத நாளில் கோதண்டபாணி தனி ஆளாகப் பூட்டிக் கொடுத்த வண்டி. பெண் கொடுத்த வீட்டுக்காரர் மகளைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

கதவு திறந்தது. இறங்கியது வண்டிக்காரர் மயில்சாமி இல்லை, ஒரு பெண்பிள்ளை. முழங்கையில் துண்டு சுற்றியிருந்தாள். துண்டில் ரத்தம்.

"இதைப் பூட்டினது யாரு?"

"நான்தான். ஏம்மா, செட்டு பாடலையா?"

"பாடுது. நல்லாவே பாடுது. என் மேல ஏற வந்தப்பவும் நிறுத்தாமப் பாடுச்சு."

அவள் பேர் பூவாயி. மார்க்கெட்டில் தக்காளி பிரிக்கிறவள். அங்கே பிரிக்கிற பெண்கள் எல்லாரும் குவியலைப் பார்த்து வரிசையாக உட்காருவார்கள். வண்டிப் பாதை முதுகுக்குப் பின்னால். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரிவர்ஸில் வருகிற வண்டியின் பஸ்ஸர் பின்னால் பீப் பீப் என்று கேட்டால், கண் குவியலில் இருக்க, உட்கார்ந்தபடியே முன்னால் நகர்வார்கள். சத்தம் நின்றால் பழைய இடத்துக்கு வருவார்கள். கை மட்டும் நிற்காது.

"இன்னைக்கு இந்த வண்டி ரிவர்ஸ்ல பின்னால வந்துச்சு. பீப்புனு ஒரு சத்தம் இல்லை. டயரு முந்தானைய மிதிச்சப்பதான் தெரிஞ்சுது. பக்கத்துல இருந்தவ என் முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டா. 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்'னு உள்ள மேப்புல ஒரு பொம்பளை குரல் இவருக்குச் சொல்லுது. வெளிய எனக்குச் சொல்ல ஒரு நாதியில்லை."

மயில்சாமி அந்தப் பக்கமாக இறங்கி வந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு மரகதவல்லியும் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். "புரோக்கர் கூப்பிட்டாரு, ஒரு நிமிஷம் அங்க திரும்பிட்டேன். அதுக்குத்தான் மன்னிப்பு கேட்டுட்டேன்ல, தாயி? ஆஸ்பத்திரிக்கு வான்னா வரலை. 'எங்க பூட்டினியோ அங்க விடு'ன்னு வண்டியில ஏறி உட்கார்ந்துக்கிச்சு, மேஸ்திரி."

கோதண்டபாணிக்குச் சுர்ரென்று ஏறியது. தான் பார்த்துப் பார்த்துப் பூட்டிய வேலைக்கு, யாரென்றே தெரியாத ஒருத்தி நடுரோட்டில் நின்று குற்றம் சொல்வதா?

"இந்தாம்மா, வாயை அடக்கிப் பேசு. கேமரா வச்சிருக்கேன். ரிவர்ஸ் போட்டா பின்னால ஊர்ற எறும்பு கூட ஸ்க்ரீன்ல தெரியும். ஓட்டறவர் பார்க்கலேன்னா நான் என்ன பண்றது? வண்டி வர்ற பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது யாரு? நீ!"

"முகத்தைக் காட்டி உட்கார்ந்தா தக்காளிய முதுகா பிரிக்கும்?"

மரகதவல்லி வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். கையை விட்டுத் துழாவி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒயர் முனையை வெளியே இழுத்தாள்.

"பஸ்ஸர் ஒயரை வெட்டினது நீங்களா அண்ணே?"

"ஆமா மேஸ்திரி, மறைக்கலை. அது கத்தும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல கிர்ருனு ஒரு இரைச்சல். என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன், போகலை. கேமராதான் இருக்கே, இது எதுக்குன்னு இவர்கிட்ட கேட்டேன். வெட்டிவிடுன்னார். இப்ப கேட்டுப் பாருங்க, தேனா ஒழுகும்."

"நாளைக்கும் இந்த வண்டி எங்க வரிசைக்குத்தான் வரும்" என்றாள் பூவாயி. "நான் உட்காரவா, வேண்டாமா? உட்கார்ந்தாத்தான் எனக்குக் கஞ்சி. அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

கோதண்டபாணி அவளைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தார்.

"நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க மேஸ்திரி. ஸ்க்ரீன் தெளிவா இருக்கு, மேப்பு வழி சொல்லுது, பாட்டு சுத்தமா இருக்கு. என் வேலையில என்ன குத்தம்?"

மரகதவல்லி வண்டியிலிருந்து ஒரு தக்காளிப் பெட்டியை இறக்கினாள். வண்டிக்குப் பின்னால், வாசல் மண்ணில் வைத்தாள். பக்கத்தில், வண்டியில் கிடந்த காலிக் கூடைகளைப் பரப்பினாள்.

"உட்காருங்க அண்ணே. பழத்தை ஒரு கூடையில, செங்காயை ஒரு கூடையில, அழுகலை ஒரு கூடையில பிரிச்சுப் போடுங்க. வண்டிக்கு முதுகைக் காட்டி உட்காரணும். நான் ரிவர்ஸ் எடுப்பேன். ஸ்க்ரீன்லதான் நீங்க நல்லாத் தெரிவீங்களே."

"என் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று கைலியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார் கோதண்டபாணி.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாட்டு கிளம்பியது. அவர் சொன்னதில் பொய்யில்லை, தேன்தான். தாளம் மண் வழியாக வந்து அவர் தொடையில் அடித்தது.

முதல் பழத்தைச் சரியாகப் போட்டார். அடுத்ததையும் போட்டார். அப்புறம் முதுகு குறுகுறுத்தது. திரும்பினார்.

"திரும்பக் கூடாது" என்றாள் பூவாயி. "நாங்க திரும்ப மாட்டோம்."

முன்னால் திரும்பிக்கொண்டார். ரோட்டில் ஒரு லாரி உறுமியது. அது லாரியா, இந்த வண்டியா? பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டார். கையில் இருந்தது பழமா செங்காயா என்று பார்க்காமலே ஏதோ ஒரு கூடையில் போட்டார். பின்கழுத்தில் காற்று பட்டது. எழுந்துவிட்டார். கையிலிருந்த தக்காளி நசுங்கிச் சட்டையெல்லாம் சாறு. யாரும் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

பூவாயி வந்து நல்ல கையால் கூடைகளைக் கிளறினாள்.

"பழத்துல அழுகல், அழுகல்ல பழம். இந்த லட்சணத்துல பிரிச்சா கமிஷன் கடைக்காரர் என்னை வாசல்லயே நிறுத்திடுவார்யா."

"பின்ன எப்படிப் பிரிக்கறதாம்?" கோதண்டபாணி வெடித்துவிட்டார். "வண்டி வருதா, நிக்குதான்னு எவனுக்குத் தெரியுது? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மேஸ்திரி! வந்தா வர்றேன்னு ஒரு குரல் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

சொல்லிவிட்டார். சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வண்டி இம்மியும் நகர்ந்திருக்கவில்லை. உள்ளே ஆளே இல்லை. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையில் மரகதவல்லி கிளாஸை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, நிதானமாக ரோட்டைத் தாண்டி வந்தாள். உள்ளே கையை விட்டுப் பாட்டை நிறுத்தினாள்.

"உங்களுக்கும் ஒரு டீ சொல்லவா அண்ணே?"

"வேண்டாம் மேஸ்திரி."

அவர் எழுந்து போய் அந்த ஒயர் முனையைப் பிடித்தார். டேப்பை உரித்துப் போட்டார். பூவாயியைப் பார்த்து, "உட்காரு தாயி, தைரியமா உட்காரு. இப்பவே சேர்த்துவிடறேன்" என்றார்.

மயில்சாமி குறுக்கே வந்தார். "அட, நில்லுய்யா. சேர்த்தா அந்த இரைச்சல் திரும்ப வரும்ல? ஆசை ஆசையாப் போட்ட செட்டுய்யா இது. இனிமே ஸ்க்ரீனைப் பார்த்தே ஓட்டறேன், எங்க குலசாமி சத்தியமா. இந்தம்மாவும் ஒரு கண்ணைப் பின்னால வச்சுக்கட்டும். சரியாப் போச்சு."

கோதண்டபாணிக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது.

"பாட்டுல கிர்ருனு ஒரு சத்தம் உங்களுக்குப் பொறுக்காது. டயரு வர்றது தெரியாம இவங்க வரிசையா உட்கார்ந்திருக்கணும். அப்படித்தானே?"

"வெட்டிவிட்டதே நீதானேய்யா!"

"நான்தான். அந்தப் பாவத்தை என் கையாலயே தீர்க்க விடுங்க."

"வண்டி என்னுது. சேர்க்க வேண்டாம்னா வேண்டாம்."

கோதண்டபாணி மேஸ்திரியைப் பார்த்தார்.

"வண்டிக்காரர் வேண்டாம்கிறாரே அண்ணே" என்றாள் அவள். "என்ன பண்ணலாம்?"

அவர் கீழே கிடந்த தக்காளிப் பெட்டியை மயில்சாமியின் காலடிக்குத் தள்ளினார்.

"உட்காருங்க."

"என்னய்யா விளையாட்டு இது?" என்று சிரித்தார் மயில்சாமி.

"சும்மா உட்காருய்யா" என்றாள் பூவாயி. "அதான் எறும்பு கூடத் தெரியுமாமே. நீ எறும்பை விடப் பெருசுதானே?"

டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் வண்டி நகராது என்ற நினைப்பில் மயில்சாமி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வண்டிக்கு முதுகைக் காட்டினார். ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

மரகதவல்லி வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்தினாள். பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். இந்தத் தடவை இன்ஜினையும் போட்டாள்.