திறந்து விட்ட குழாய்

மாவு அரைத்து விற்கும் தெய்வானைக்கு இருந்த ஒரே சொத்து, உறையூரில் ஒரு மாடி வீடு. கீழே அவள் இருந்தாள், மாடியை வாடகைக்கு விட்டாள். மாடி காலியானதும் அதைக் கேட்டு வந்தார் கான்ட்ராக்டர் குலசேகரன். குடிபோன வீட்டை லேசில் காலி செய்யமாட்டார் என்று பேர் வாங்கியவர். கொடுத்தால் வீடு போச்சு. மறுத்தால் பெரிய இடத்துப் பகை.

"என்ன யோசனை? நான் காலி பண்றேன்னதும் இப்ப இருக்கிற வீட்டு ஓனர் அழுவுறாரு, தெரியுமா? சாவியைக் கொடு!"

"அவரைக் கூட்டிட்டு வாங்க சார். அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவி உங்களுக்குத்தான்."

மறுநாள் காலை ஜிப்பா போட்ட ஒருவரோடு வந்த குலசேகரன், "இவர்தான் அந்த ஓனர்" என்றார். மாவு வாங்க வந்த கூட்டமும் பின்னாலேயே மாடியேறியது. ஜிப்பாக்காரர் வீட்டைச் சுற்றி வந்து, "இவரை மாதிரி குடித்தனக்காரர் கிடைக்கமாட்டார்மா" என்று உருகினார்.

தெய்வானை சிரித்தாள். "சமையலறைக் குழாயை நான்தான் திறந்து விட்டேன். ஆளில்லாத ரூம்ல ஃபேனும் ஓடுது. ரெண்டையும் பார்த்துட்டுச் சும்மா வர்ற வீட்டு ஓனரை நான் கண்டதே இல்ல. நீங்க யாரு சார்?"

ஜிப்பாக்காரர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "எனக்கு நடிக்க வராதுன்னு அப்பவே சொன்னேனே சார்!"

கூட்டத்தின் சிரிப்பு இருவரையும் கார் வரைக்கும் துரத்தியது.

சாயந்திரம் வீடு பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். தெய்வானை மறுபடியும் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

"அக்கா, தண்ணி வீணாப் போகுதே!" என்று ஓடிப்போய் மூடினாள் நர்ஸ்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாள்," என்றாள் தெய்வானை. "வந்து பால் காய்ச்சிடும்மா."