பதினெட்டு டிகிரி மாப்பிள்ளை

தொட்டிமலையில் புத்திசாலிகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் புத்திசாலிகள் என்பது அந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மூவரில் இளையவன் போத்திராசு. அவனுடைய கூட்டாளிகள் மாசாணமும் ஒண்டிமுத்தும். ஒண்டிமுத்துவிடம் ஆறு செம்மறியாடுகள் இருந்ததால் அவன் சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம்.

மலையடிவாரத்துப் பிச்சாண்டியின் மகள் பூரணத்தின் மேல் போத்திராசுவுக்குக் கொள்ளை ஆசை. பிச்சாண்டி பட்டாளத்தில் இருந்து வந்தவர். பெண் கேட்டுப் போனவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய பீங்கான் ஜாடியைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

"பார்லியக் காய்ச்சி ஊத்தி, ஈஸ்ட் போட்டிருக்கேன். பதினஞ்சு நாள்ல பீராயிடும். இங்க வச்சா எனக்கு அவசரம் தாங்காது, நடுவுலயே குடிச்சுப்புடுவேன். மேல கொண்டு போயி நீ பாத்துக்க. ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்குப்பா. குளிர்ந்தா தூங்கிரும், சூடானா செத்துரும். பதினெட்டு டிகிரி. இந்தத் தெர்மாமீட்டர் பதினெட்ட விட்டு அசையக் கூடாது. ஒரு ஜாடியப் பாத்துக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் எம் பொண்ணு."

அது மார்கழி மாதம். தொட்டிமலையில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடந்தது. போத்திராசு ஜாடியைத் தன் அறையில் வைத்து, தெர்மாமீட்டரை அதோடு சேர்த்துக் கட்டினான். பன்னிரண்டு காட்டியது.

"தூங்கிரும்னாரே, தூங்கிருச்சோ?" என்றான்.

மாசாணம் ஜாடியில் காதை வைத்துக் கேட்டான். "குறட்டை வரல. ஆனா தூக்கக் கலக்கத்துல இருக்கு."

உடனே எவர்சில்வர் தட்டை எடுத்து மூவரும் மாறி மாறித் தட்டினார்கள். நடுராத்திரியில் தெரு முழுக்க விழித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் மட்டும் பன்னிரண்டிலேயே நின்றது.

மறுநாள் கம்பளி போர்த்தினார்கள். அப்போதும் பன்னிரண்டு. கம்பளியைத் தொட்டுப் பார்த்த மாசாணம், "அடப் பாவமே, கம்பளியே சில்லுனு கெடக்கு. அதுக்கே குளிருதுடா" என்றான். கம்பளிக்கு மேல் இன்னொரு கம்பளி போர்த்தினார்கள். அதற்கும் குளிர்ந்தது.

ஒண்டிமுத்து நெடுநேரம் யோசித்தான். "கம்பளி எதுல இருந்து வருது?"

"ஆட்டுல இருந்து."

"ஆட்டு மேல இருக்கறப்ப சூடா இருக்கு. ஆட்ட விட்டு வந்ததும் குளிருது. அப்ப சூடு எதுல இருக்கு?"

ஒரு ஆட்டை அறைக்குள் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பதின்மூன்று. இரண்டாவது ஆடு வந்ததும் பதினான்கு. ஆறாவது ஆட்டையும் தள்ளிக் கதவை ஒருக்களித்தபோது பதினெட்டு! ஆட்டுக்கு ஒரு டிகிரி என்று அன்றைக்கு மூவரும் கண்டுபிடித்தார்கள். போத்திராசு ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாக ஒண்டிமுத்து வீட்டுக்குப் போனான்.

அதில்தான் வினை வந்தது. ஆடுகள் ஓடிவிடக் கூடாதென்று கதவையும் இறுகச் சாத்தியதில் அறை இருட்டாகிவிட்டது. காலையில் போத்திராசு தெர்மாமீட்டரை அவிழ்த்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அது இறங்கியது. பதினைந்து, பதினொன்று, எட்டு.

"போச்சு! பூரணம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"பதறாத. பீரு ஆடுகளோட சொகமா இருக்கு. குளிர்ல மாட்டிக்கிட்டது இந்தக் குச்சிதான்" என்றான் ஒண்டிமுத்து.

"மாமா எத அசையக் கூடாதுன்னாரு? குச்சியத்தான?" என்றான் மாசாணம். "அப்ப குச்சிய எடம் மாத்து."

போத்திராசு தெர்மாமீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு மலைப் பாதையில் இறங்கினான். வளைவுக்கு வளைவு நின்று பார்த்தான். மேலிருந்து ஏழாவது கொண்டை ஊசி வளைவில் சரியாகப் பதினெட்டு. அங்கேயே குந்திவிட்டான். வெயில் ஏறினால் ஒரு வளைவு மேலே போவான், தாழ்ந்தால் ஒரு வளைவு கீழே இறங்குவான். பஸ் டிரைவர்கள் அவன் நிற்கும் வளைவைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார்கள். பாதி வழியில் நின்ற மாசாணத்துக்கு அவன் "பதினெட்டு!" என்று கத்துவான். மாசாணம் அதை மேலே ஒண்டிமுத்துவுக்குக் கத்துவான். ஒண்டிமுத்து கதவருகே போய் ஜாடிக்கு மெதுவாகச் சொல்வான்.

பதினைந்தாம் நாள் பஸ்ஸில் வந்த பிச்சாண்டி, ஆறாவது வளைவில் மாப்பிள்ளையைக் கண்டு இறங்கினார்.

"மாமா, ஒரு நாள்கூட அசையல!" என்று போத்திராசு குச்சியை நீட்டினான்.

"ஜாடி எங்கய்யா?"

"அது மேல இருக்கு மாமா. அதுக்கென்ன?"

பிச்சாண்டிக்குத் தலை சுற்றியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மலையேறினார். கதவைத் திறந்ததும் ஆறு ஆடுகள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடின. ஜாடி அசையாமல் இருந்தது. ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். அப்படியே நின்றுவிட்டார். பட்டாளத்தில்கூட அவர் அப்படி ஒரு பீரைக் குடித்ததில்லை.

எப்படிச் செய்தாய் என்று கேட்டார். போத்திராசு ஆட்டிலிருந்து வளைவு வரைக்கும் விளக்கினான். முதல் டம்ளரில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவது டம்ளரில் எல்லாம் விளங்கியது. "தை கடைசியில கல்யாணம். மறுநாள் விருந்துக்கு இன்னொரு ஜாடி இதே மாதிரி வேணும்" என்று சொல்லிவிட்டார்.

முகூர்த்த நாளில் இரண்டாவது ஜாடிக்குப் பதினான்காம் நாள். மாப்பிள்ளை குச்சியை விட்டு வர முடியாது என்று ஒரே பிடியாக நின்றான். பந்தலை ஏழாவது வளைவில் போட்டார்கள். ஐயர் மந்திரத்தை ஆரம்பித்ததும் வெயில் ஏறியது. மாப்பிள்ளை எழுந்து ஆறாவது வளைவுக்கு நடந்தான். ஐயரும் நாதஸ்வரமும் சொந்தபந்தமும் பின்னாலேயே போனார்கள். அங்கேதான் தாலி கட்டினான். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குச்சியைப் பூரணத்தின் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் ஆசையாக இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் போத்திராசு வாங்கிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இருபது!" என்று மலையைப் பார்த்து அலறினான். மாசாணம் மேலே பார்த்து அலறினான். எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வளைவைத் திரும்பி இரண்டு செம்மறியாடுகள் சாவகாசமாக இறங்கி வந்து ஐயர் விரித்திருந்த வாழை இலையைத் தின்ன ஆரம்பித்தன.

"இதுக யாரு வீட்டு ஆடு?" என்றார் பிச்சாண்டி.

போத்திராசு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"ஆடு இல்ல மாமா, அதிகமா இருந்த ரெண்டு டிகிரி."