பார்த்தால்தான் பதில்

ஈரோட்டில், ரயில்வே காலனியை ஒட்டிய தெருவில், ஒரு மாடி அறையில் பூங்கோதை பாதை செய்யக் கற்றுக்கொடுத்து வந்தாள். கம்ப்யூட்டரில் ஓட்டும் ரயிலுக்கான பாதை. தண்டவாளம், பாலம், மரம், வீடு, வெயில் என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒரு பாதை முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஏழு பாதைகள் செய்திருந்தாள். நிஜ ரயிலை ஒரு நாளும் ஓட்டியதில்லை.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சவரிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. நிஜ ரயிலைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் மெடிக்கலில் பார்வை தேறவில்லை என்று என்ஜினிலிருந்து இறக்கி, ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டார்கள். அவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. தினமும் காலையும் மாலையும் சொட்டு மருந்து. இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பதினான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் வந்தார். எல்லாம் கற்றுக்கொண்டார். ஆனால் ஒரு ஸ்லீப்பர் கட்டைகூட இன்னும் வைக்கவில்லை. எந்தப் பாதையைச் செய்வது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

"இன்னிக்கு எந்த ஊருங்க சார்?" என்றாள் தவமணி. மருந்துக்கடை வைத்திருப்பவள். வந்த முதல் வாரமே ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொண்டு, ஒரு வருடமாகத் தேயிலைச் செடி நட்டுக்கொண்டிருந்தாள்.

"கொங்கண்."

"போன வாரம் பாம்பன்னு சொன்னீங்க."

"பாம்பன்ல கடல் மட்டும்தான். கொங்கண்ல மலை, அருவி, சுரங்கம், எல்லாமே இருக்கு."

"அதுக்கு முந்தி ஊட்டி. நான் எடுத்துட்டேன்னு கோவிச்சுக்கிட்டீங்க."

"யாரு கோவிச்சா?"

"டீ குடிக்காமப் போனீங்களே."

சவரிமுத்து பூங்கோதை பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு நீளத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். நாற்பது பாதைகளின் பெயர்கள் அதில் இருந்தன. இருபத்து மூன்றை அடித்திருந்தார். அடித்ததில் ஆறை மறுபடி எழுதியிருந்தார்.

"டீச்சர், நீங்களே சொல்லிடுங்க. இதுல எது ரொம்ப அழகு?"

"ரொம்ப அழகாத்தான் இருக்கணுமாண்ணா?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு செய்யத்தாங்க நேரம் இருக்கு. கண்ணு போறதுக்குள்ள. தப்பா எடுத்துட்டு, பாதியில, அய்யோ அதை எடுத்திருக்கலாமேன்னு ஆயிடக் கூடாது. கடைசியாப் பாக்கறது நல்லதா இருக்கணும்."

தவமணி தேயிலை நடுவதை நிறுத்தினாள்.

பூங்கோதை பட்டியலைப் படித்தாள். தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். அடுத்த ஞாயிறு சொல்றேண்ணா."

அடுத்த ஞாயிறு மதியம் அவரைப் பெரிய திரைக்கு முன் உட்கார வைத்தாள். மேஜையில் இரண்டு லீவர்கள். ஒன்று வேகத்துக்கு, ஒன்று பிரேக்குக்கு. திரையில் சாம்பல் நிறத் தரை. அதன்மேல் இரண்டு கோடாகத் தண்டவாளம். மரம் இல்லை, வீடு இல்லை, வானத்திலும் நிறம் இல்லை.

"ஓட்டுங்க."

"எந்த லைனுங்க?"

"ஓட்டுங்கண்ணா."

தவமணி எட்டிப் பார்த்தாள். "இதுவா ரொம்ப அழகு? எங்க வீட்டு மொட்டை மாடி இதைவிட நல்லா இருக்கும்."

சவரிமுத்து பிரேக்கை விட்டார். வண்டி நகர்ந்தது. ஸ்பீக்கரில் தண்டவாள இணைப்புகள் தடக் தடக் என்றன. அவர் முதுகு நாற்காலியிலிருந்து விலகி முன்னால் வந்தது. நான்கு நிமிடம் ஓட்டினார். பிறகு அவர் கை வேகத்தைக் குறைத்தது.

"ஏன் குறைச்சீங்க?"

"வளைவு வருதுங்களே."

"எங்க?"

திரையில் தண்டவாளம் நேராகத்தான் கிடந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒரு சிறிய ஏற்றத்தில் ஏறி இறங்கியது. அதற்கு அப்பால் தண்டவாளம் இடப்பக்கம் வளைந்தது.

சவரிமுத்து தன் கையைப் பார்த்தார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதே கை ஹாரனை அழுத்தியது.

"இது எதுக்கு?"

"கேட்டுக்கு. இருபத்தேழாம் நம்பர் கேட்டு. ஹாரன் அடிக்கலைன்னா கேட் கீப்பர் மாரப்பன் கொடியோட வெளிய வரமாட்டான், உள்ள ரேடியோ…"

நிறுத்தினார். வண்டியையும் நிறுத்தினார்.

"டீச்சர், இது எங்க செக்‌ஷன்."

பூங்கோதை தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நாற்பது பெயர்கள் இருந்த பக்கம் கீழே போயிருந்தது. மேலே தெரிந்தது பழைய அச்சு. ஒரு பாதையின் ஏற்றம், இறக்கம், வளைவு, கேட், எல்லாம் கோடாகவும் எண்ணாகவும் போட்ட வரைபடம். அவர் பத்தொன்பது வருடம் ஓட்டிய பாதை.

"ஆபீஸ்ல வேண்டாம்னு கட்டிப் போட்டிருந்த தாளுங்க," என்றார். "நீளமா இருக்கு, பட்டியல் எழுதச் சவுகரியம்னு எடுத்துட்டு வந்தேன்."

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்லைங்க டீச்சர். வெறும் பொட்டல். ஒரு குன்று கிடையாது. இந்த இடம் வந்தாலே வண்டியில இருக்கறவங்க எல்லாம் ஷட்டரை இறக்கிட்டுத் தூங்கிடுவாங்க."

"நீங்க தூங்கலையே. நீங்க என்ன பாத்தீங்க?"

"நானா? சிக்னல். டிரைவர் வேற எதைப் பாப்பான்?"

"சரி, சிக்னல் வந்தாச் சொல்லுங்க."

அவர் மறுபடி வண்டியை எடுத்தார்.

என்ஜினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் என்று இருவர் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் கையை நீட்டி அதன் பெயரையும் நிறத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும்; ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் வருவதன் பெயர் ஹோம். மற்றவர் தன் கண்ணால் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் பதில் சொல்வது அந்த வேலையில் பெரிய குற்றம். இதைச் சவரிமுத்து வந்த முதல் மாதமே பூங்கோதைக்குச் சொல்லியிருந்தார்.

வளைவு முடிந்த இடத்தில் அவர் கை நீண்டது.

"ஹோம் கிரீன்!"

பதில் இல்லை. கை நீட்டியபடியே இருந்தது.

"நீங்க திருப்பிச் சொல்லணுங்க டீச்சர்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணா."

"அதோ, அங்க."

"அங்க சாம்பலா இருக்கு. பாக்காமச் சொல்லச் சொல்றீங்களா?"

"சேச்சே," என்றார் அவர் பதறி. "அது கூடாது."

"அப்போ எங்க இருக்குன்னு காட்டுங்க."

"இடப்பக்கம். வளைவு தாண்டினதும்."

அவள் ஒரு சிக்னல் கம்பத்தை அங்கே வைத்தாள். தனியாக, பளிச்சென்று நின்றது.

"இவ்வளவு லேசாவெல்லாம் தெரியாதுங்க. மறைக்கும்."

"எது மறைக்கும்?"

"ரைஸ் மில் சிம்னி. மேல கொஞ்சம் இடிஞ்சிருக்கும்."

வைத்தாள்.

"அதுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்ப மரம். கிளையை வெட்டணும்னு வருசா வருசம் எழுதிக் குடுப்பேன். வந்து வெட்டுவாங்க. அடுத்த ஆடிக்குள்ள அப்படியே நிக்கும். இல்லைங்க, இன்னும் சாய்ச்சு வைங்க. தண்டவாளத்தை எட்டிப் பாக்கற மாதிரி. ஆங், அவனேதான்."

"வேற?"

"தறிக்காரங்க வீடு ரெண்டு. கம்பி கட்டிப் போர்வை காயப் போடுவாங்க. பச்சைப் போர்வை. ஒரு மார்கழியில பனிக்குள்ள…" அவர் தலையை ஆட்டினார்.

"போர்வையைப் பாத்து வண்டியை விட்டுட்டீங்களா?" என்றாள் தவமணி.

"விடுவனா? அசிஸ்டென்ட் கிரீன்னு சொல்றாரு, எனக்குச் சந்தேகம். நிறுத்திட்டேன். ஏன் நிறுத்தினேன்னு மூணு பக்கம் எழுதி வாங்கினாங்க."

"போர்வைன்னு எழுதினீங்களா?"

"வெக்கமா இருக்காதா? பார்வைக்கு இடையூறுன்னு எழுதினேன்."

தவமணி மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சிக்னலுக்கு முன்னால் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னார். அதன் நிழல் மாலை நாலரைக்கு விளக்கின்மேல் விழும் என்றார். செங்கல் சூளைப் புகை எந்த மாதத்தில் எந்தப் பக்கம் சாயும் என்றார். வடக்கே பார்த்து ஒரு மாதாகோயில், அதில் சீரியல் விளக்கு போட்டால் தூரத்திலிருந்து சிவப்பு எது என்று கண் குழம்பும் என்றார். ஒரு எருமை. எருமைக்குத் தனியாகக் கதை இருந்தது. பூங்கோதையின் விரல்களால் அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. சிலவற்றைத் தாளில் குறித்துக்கொண்டாள். அந்த நாற்பது பெயர்களுக்கு இடையில் கிடைத்த இடங்களில்.

மூன்று மணிநேரம் போயிற்று. அதற்குள் முதல் ஐந்து கிலோமீட்டரில் சாம்பல் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"இதையெல்லாம் நான் பாத்ததே இல்லைன்னுல்ல நினைச்சேன்," என்றார் சவரிமுத்து. "சிக்னலை மறைச்சது ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கே!"

தவமணி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுத்துக் குடித்தார்.

"அப்போ கொங்கண் சார்?"

"நீயே எடுத்துக்க தாயி. அருவி, சுரங்கம் எல்லாம் உனக்குத்தான்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"இது முடிய எவ்வளவு நாளாகும் டீச்சர்?"

"நாலு வருசம் ஆகும். இவ்வளவு மறைக்குதே."

"நாலு வருசம் எனக்குக் கண்ணு…"

அவர் போனில் அலாரம் அடித்தது. மாலை சொட்டு மருந்துக்கு நேரம்.

பூங்கோதை வண்டியைப் பின்னால் கொண்டுபோய், முதல் ஸ்டேஷனில் நிறுத்தினாள்.

"ஒரு தடவை முழுசா ஓட்டிடுங்கண்ணா."

"மருந்து போட்டா ரெண்டு நிமிசம் கண்ணை மூடி இருக்கணுங்க."

"மூடிக்குங்க. அசிஸ்டென்ட் நான் இருக்கேன்ல."

அவர் தயங்கினார். வண்டியை எடுத்து வேகம் பிடிக்கும்வரை ஓட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, மூடிக்கொண்டார். ஒரு கையின் விரல்கள் மூக்கோரம் கண்முனைகளை அழுத்தியிருந்தன. மற்ற கை லீவரில் இருந்தது.

தண்டவாள இணைப்புகள் தடக் தடக் என்றன. லீவரில் இருந்த கை வேகத்தைக் குறைத்தது. லீவரில் இருந்த கை வேகத்தைக் குறைத்தது. வளைவு வந்தது. அதே கை கேட்டுக்கு ஹாரன் அடித்துவிட்டு லீவருக்குத் திரும்பியது. ரைஸ் மில் சிம்னி நெருங்கியது.

லீவரில் இருந்த கை மேலே எழுந்து நீண்டது.

"ஹோம் கிரீன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணைத் திறக்காமலே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தப்புங்க டீச்சர். பாக்காமக் கூப்பிட்டுட்டேன்."

பூங்கோதை திரையைப் பார்த்தாள். சிம்னி விலகியது. வேப்ப மரத்தின் கிளை கடந்து போனது. போர்வைகளின் ஓரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது.

அவள் கை நீண்டது.

"ஹோம் கிரீன்," என்றாள்.