யானைக்கொட்டிலும் ஒற்றை வரி விதியும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். அவர் சபையில் உண்பதற்கும் சிரிக்க வைப்பதற்கும் ஒரு விகடன் இருந்தான். அந்த விகடன் அடியேன்தான். இரண்டு வேலைகளில் முதலாவதில் நான் குறை வைத்ததே இல்லை.

ஒருநாள் வெளிதேசத்து யாத்ரீகர் ஒருவர் எங்கள் தேரடி வீதியின் மரத்தூண் வீடுகளை மெச்சிவிட்டுப் போனார். அரசருக்குத் தலைகால் புரியவில்லை.

"விகடரே, அந்த அழகு என்றைக்கும் கெடக்கூடாது. இன்றே விதி எழுதிக் கொண்டு வாரும்."

நான் அப்போதுதான் விருந்து முடித்திருந்தேன். கண் சொருகியது. 'பழைய கட்டடம் எதுவும் கட்டிய நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும்; மாற்றியவர் வெளியேற வேண்டும்' என்று ஓலையில் ஒரே வரி கீறிவிட்டுப் படுத்தேன். வீதியின் பெயரைக்கூட எழுதவில்லை. அரசரும் படிக்காமலே முத்திரை வைத்தார்.

மழைக்காலம் வந்தது. வளையல் விற்கும் மாராயி, கரையான் அரித்த உத்திரத்தைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாள். கட்டட அதிகாரி பராங்குசர், தம் மருமகனுக்காக அந்த வீட்டின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர். என்மேலும் அவருக்குத் தீராத பொறாமை. மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மாராயி என் வாசலில் வந்து நின்றாள். "சாமி, நீங்க எழுதுன ஓலையாமே. உத்திரம் தலையில விழுந்து சாகணும்னா எழுதுனீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சோறு இறங்கவில்லை. ஊரில் ஒருவரும் இதை நம்பவில்லை.

சபையில் மன்றாடிப் பார்த்தேன். பராங்குசர் புன்னகைத்தார். "விதி விதிதான், மன்னா. எழுதியவரே அழித்தால் ஊர் சிரிக்காதா?" அரசரும் தலையசைத்தார்.

மூன்றாம் நாள் காலை பராங்குசர் தம் அலுவல் கூடத்துக்குள் நுழைந்தார். ஆசனத்துக்குப் பக்கத்தில் பட்டத்து யானை கரும்பு தின்றுகொண்டிருந்தது. அவர் அலறிக்கொண்டு ஓடி அரசரை அழைத்து வந்தார்.

"என்ன இது, விகடரே?" என்று யானைக்குக் கரும்பு நீட்டிக்கொண்டிருந்த என்னைக் கேட்டார் அரசர்.

"விதி, மன்னா. தங்கள் பாட்டனார் கட்டிய நாளில் இந்தக் கூடம் யானைக்கொட்டில். பராங்குசர் சால்வை மாட்டும் அந்த இரும்பு வளையம் யானைச் சங்கிலிக்காகப் போட்டது. பழைய கட்டடம் எதுவும் என்றால் அரண்மனையும் அதில் சேர்த்திதானே? போன வருடம் கொட்டிலைக் கூடமாக்கியவர் இவர். மாற்றியவர் வெளியேற வேண்டும்."

யானை வளையத்திலிருந்த சால்வையை எடுத்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பராங்குசரே, விதி விதிதான். நீர் போகிறீரா, விதியைத் திருத்தட்டுமா?"

"திருத்திவிடலாம், மன்னா" என்றார் அவர், மெல்ல.

என் சமயோசிதத்தை ஊர் இன்றும் பேசுகிறது. வீதியின் பெயர் விட்டுப்போனது வெறும் சோம்பல் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

புது விதியை மாராயி சொல்ல, நான் எழுதினேன். "தெருவுல போறவங்க பாக்குற முகப்பும் தூணும் பழையபடியே இருக்கட்டும் சாமி. இத்துப்போனத அதே மரத்துல மாத்திக்கலாம்னு போடுங்க. எழுதுறதுக்கு முன்னால வீட்டுல இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னும் போடுங்க."

அரசர் எனக்கு ஒரு பட்டுச் சால்வையும், தேரடி வீதிக் கூரைகளை ஏறிப் பார்க்கும் பதவியும் கொடுத்தார். கூடவே பாட்டனார் காலத்து ஏணி ஒன்று. முதல் நாள் வேடிக்கை பார்க்க அரசரே வந்தார். மூன்றாம் படியில் கால் வைத்ததும் ஏணி முனகியது.

"மன்னா, இந்த உடம்பை இது தாங்காது. புதிய ஏணி ஒன்று வேண்டும்."

"பழைய ஏணி ஆயிற்றே, விகடரே. செய்த நாளில் இருந்தபடியே இருக்கட்டும்" என்று சொல்லி அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்க அரை நாழிகை ஆயிற்று. அதுவரை நான் மூன்றாம் படியிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.